இடையில் எத்தனை மில்லிமீட்டர்?

காருக்கு வேறு ரிம் மாட்டுகிறவர்கள், ஸ்பேசர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடைக்குக் கடை அலாய் வீல்கள் தொங்குகின்றன. புதுப்பேட்டைக்குப் போனால், வேறு கார்களிலிருந்து கழற்றிய கம்பெனி ரிம்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்க வருகிறவர் முதலில் டிசைனைப் பார்க்கிறார்; பிறகு விலையை. போல்ட் ஓட்டை பொருந்துகிறதா என்பதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்கிறார். மாட்டிய பிறகு டயர் உள்ளே ஷாக் அப்சார்பரை உரசினாலோ, ஃபெண்டருக்குள் ரொம்ப உள்வாங்கி நின்றாலோ, ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே ஸ்பேசர் என்ற ஒரு வட்டைச் செருகி வேலையை முடித்துவிடுகிறார்கள். அந்த ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதைப் பல இடங்களில் தீர்மானிப்பது, கடையில் அன்றைக்கு இருக்கும் சரக்குதான்.

ஒரு காரின் முழு எடையும் நான்கு ஹப்புகளில், ஹப்புக்கு நான்கோ ஐந்தோ நட்டுகளில் நிற்கிறது. அந்த இடத்தில் செருகும் பொருளின் தடிமனைக் கண்மதிப்பில் முடிவு செய்யக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. ரிம்மின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்களும் ஒரு ஸ்கேலும் கையில் இருந்தால், பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கிலேயே விடை வந்துவிடும்.

ஸ்பேசரின் வேலை, புது ரிம்மைப் பழைய ரிம் நின்ற இடத்துக்குக் கொண்டுவருவது. அதற்கு எவ்வளவு தேவையோ அதுதான் சரியான அளவு. காரை அகலமாகக் காட்டுவதற்காகச் சேர்க்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேரிங், ஸ்டட், ஸ்டீயரிங் என்று ஏதோ ஒன்றின் மேல் பாரமாக விழுகிறது. இந்தக் கட்டுரை முழுவதும் வலியுறுத்துவது இதைத்தான்.

ரிம் சொல்லும் நான்கு விவரங்கள்

எந்த ரிம்மையும் வாங்கும் முன் நான்கு விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அகலமும் விட்டமும். ரிம்மில் 6.5ஜே × 16 என்று இருந்தால், டயர் உட்காரும் இரு விளிம்புகளுக்கு இடையே அகலம் 6.5 அங்குலம், விட்டம் 16 அங்குலம்.

இரண்டாவது, பிசிடி. போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம். 4 × 100 என்றால் நான்கு ஓட்டை, 100 மி.மீ. வட்டம். மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டி ஆகியவை இந்த வகை. இந்தியாவில் விற்ற ஃபோக்ஸ்வாகன் போலோ 5 × 100. இன்னோவா 5 × 114.3. நான்கு ஓட்டை, ஆறு ஓட்டை ரிம்களில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்தை அளந்தாலே பிசிடி கிடைத்துவிடும். ஐந்து ஓட்டை ரிம்மில் எதிர் ஓட்டை கிடையாது. அடுத்தடுத்த இரு ஓட்டைகளின் மையத்துக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து 1.701 ஆல் பெருக்க வேண்டும். 58.8 மி.மீ. வந்தால் பிசிடி 100, 65.8 வந்தால் 112, 67.2 வந்தால் 114.3.

112-க்கும் 114.3-க்கும் வித்தியாசம் 2.3 மி.மீ.தான். ஃபியட் பாலியோவின் 4 × 98-க்கும் மற்றவற்றின் 4 × 100-க்கும் வித்தியாசம் 2 மி.மீ. நட்டை இறுக்கினால் ஒருவழியாக உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த ரிம்மில் நட்டின் கூம்பு முழுதாகப் பதியாது. ஸ்டட் எப்போதும் ஒரு பக்கமாக வளைந்தே இருக்கும். இதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது.

மூன்றாவது, சென்டர் போர், அதாவது ரிம்மின் நடுத் துளை. ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வளையம் இதற்குள் பொருந்தி ரிம்மை மையத்தில் நிறுத்துகிறது. ஸ்விஃப்டிலும் ஐ20-யிலும் இது 54.1 மி.மீ., சிட்டியில் 56.1, போலோவில் 57.1. வெளிச்சந்தை அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் 73.1 மி.மீ. துளையுடன் வருகின்றன. நடுவில் விழும் இடைவெளியை ஹப் ரிங் போட்டு நிரப்ப வேண்டும்.

நான்காவதுதான் ஸ்பேசர் கணக்கின் அச்சாணி: ஆஃப்செட். ரிம்மில் ஈடி என்ற குறியீட்டுடன் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். ரிம்மின் அகலத்துக்குச் சரிநடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் ஒட்டி உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து தெருப் பக்கமாக எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதுவே ஈடி. எண் கூடினால் சக்கரம் காருக்குள் போகும். குறைந்தால் வெளியே வரும். ஸ்பேசர் அந்த எண்ணைக் குறைக்கிறது. ஈடி 52 உள்ள ரிம்முக்கு 7 மி.மீ. ஸ்பேசர் வைத்தால், கார் அதை ஈடி 45 ரிம்மாகவே உணரும்.

கழித்தல் கணக்கு

அகல எண்ணை 25.4 ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்கி, பாதியாக்கிக்கொள்ளுங்கள். அதோடு ஈடியைக் கூட்டினால், ஹப் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பது கிடைக்கும். ஈடியைக் கழித்தால் வெளிவிளிம்பு எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது கிடைக்கும். பழைய ரிம்முக்கும் புதிய ரிம்முக்கும் தனித்தனியே போட்டு ஒப்பிட வேண்டும். ரிம்மின் மொத்த அகலம் அச்சிட்ட எண்ணைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதல். இரண்டு ரிம்மிலும் அதே கூடுதல் இருப்பதால் ஒப்பிடும்போது அது அடிபட்டுப் போகும்.

ஓர் உதாரணம். காரில் இருப்பது 6ஜே × 15, ஈடி 45. வாங்க நினைப்பது வேறொரு காரின் கம்பெனி அலாய், 6.5ஜே × 16, ஈடி 52.

பழைய ரிம்: அகலம் 152.4 மி.மீ., பாதி 76.2. உள்ளே 121.2. வெளியே 31.2.

புதிய ரிம்: அகலம் 165.1 மி.மீ., பாதி 82.55. உள்ளே 134.55. வெளியே 30.55.

உள்விளிம்பு 13.35 மி.மீ. கூடுதலாக உள்ளே போகிறது. வெளிவிளிம்பு முன்பு இருந்ததைவிட 0.65 மி.மீ. உள்வாங்குகிறது. அகலமான ரிம் வாங்கியும் கூடிய அகலம் முழுவதும் ஷாக் அப்சார்பர் பக்கமே போய்விட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. அதனால்தான் இந்த ஆபத்து மாட்டி ஓட்டிய பிறகே கண்ணில் படுகிறது.

பழைய ரிம்மில் உள்விளிம்புக்கும் ஷாக் அப்சார்பருக்கும் 15 மி.மீ. இடைவெளி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். புது ரிம்மில் மிஞ்சுவது 1.65 மி.மீ. திருப்பத்தில் டயரும் ரிம்மும் சற்று நெளியும் என்பதால் உள்பக்கம் 5 மி.மீ.யாவது விட்டுவைப்பது நல்லது. அப்படியானால் குறைந்தபட்சத் தேவை 3.35 மி.மீ. சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 5. சக்கரத்தின் மையக்கோடு பழைய இடத்திலேயே நிற்க வேண்டுமென்றால் 52-இலிருந்து 45-ஐக் கழிக்க வேண்டும்: 7. ஆக, இந்தக் காருக்கு விடை 5 முதல் 7 வரை. பத்து போட்டால் உரசல் நிற்கும். ஆனால் சக்கரம் காரின் வடிவமைப்பாளர் வைத்த கோட்டிலிருந்து 3 மி.மீ. வெளியே வந்துவிடும். பதினைந்து போடுவதற்குக் கணக்கில் இடமே இல்லை.

டயரையும் இதில் சேர்க்க வேண்டும். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ.; 195/55 ஆர்16 டயரின் விட்டம் 620.9. ஸ்பீடோமீட்டர் ஏமாறாத ஜோடி இது. ஆனால் டயரின் பக்கச்சுவர் ரிம்மின் அகலத்தைப் பொறுத்து விரியும். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும். உரசும் இடம் ரிம் விளிம்பாகவும் இருக்கலாம், டயரின் தோளாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் கணக்குப் போட்டு, எதில் இடைவெளி குறைவாக மிஞ்சுகிறதோ அதையே நம்ப வேண்டும்.

காரை அளப்பது

தாளில் வந்த விடையைக் காரில் சரிபார்க்க வேண்டும். முதலில் உள்பக்கம். சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் தட்டு, டை ராடு முனை, பிரேக் குழாய் ஆகியவற்றுக்கும் இடையே மிகக் குறுகலான இடத்தைத் தேடி அளக்க வேண்டும். முன்சக்கரத்தை நேராக வைத்து ஒருமுறை, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து ஒவ்வொரு முறை.

அடுத்து வெளிப்பக்கம். ஃபெண்டர் விளிம்பிலிருந்து எடை கட்டிய நூலைத் தொங்கவிட்டால், டயர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தெரியும். கார் சும்மா நிற்கும்போது எடுக்கும் இந்த அளவு மட்டும் போதாது. ஒரு சக்கரத்தை மட்டும் ரேம்ப் மேல் ஏற்றினால் அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கும். அந்த நிலையிலும் பார்க்க வேண்டும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய சாமான், முன்னறிவிப்பில்லாத வேகத்தடை என்று எல்லாம் சேரும்போதுதான் பின்டயர் ஃபெண்டர் மடிப்பைத் தொடும். முன்சக்கரத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஸ்பேசர் போட்ட சக்கரம் ஸ்டீயரிங் திரும்பும்போது முன்பைவிடப் பெரிய வளைவில் சுழலும். நேராக இருக்கையில் எதையும் தொடாத டயர், முழுத் திருப்பத்தில் பம்பரின் ஓரத்தையோ உள் பிளாஸ்டிக்கையோ தொடலாம்.

கடைசியாக, பிரேக் காலிப்பர். சில ரிம்களில் ஸ்போக் உள்நோக்கி வளைந்திருக்கும். ஈடி சரியாக இருந்தும் காலிப்பரில் இடிக்கும். காலிப்பர் மேல் சிறிது களிமண் அல்லது புட்டியை ஒட்டி, ரிம்மை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிக் கழற்றினால், நசுங்கி மிஞ்சியிருக்கும் தடிமனே இடைவெளி.

ஸ்டட்டில் எத்தனை சுற்று

5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் நட்டுக்குக் கிடைக்கும் ஸ்டட் நீளத்தில் 5 மி.மீ. போய்விடும். பேசிப் புரியவைக்க வேண்டிய முக்கியமான ஆபத்து இதுதான். ஸ்பேசர் போட்டவர்களில் பலர் யோசிக்காததும் இதுதான். எம்12 × 1.5 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும் மரை, உள்ள ஸ்டட்டில் 5 மி.மீ. என்பது மூன்றேகால் சுற்றுக்கு மேல். எம்12 × 1.25 மரையில் சரியாக நான்கு சுற்று.

நட்டு எத்தனை சுற்று பிடிக்க வேண்டும் என்பதற்கு வழக்கில் உள்ள குறைந்தபட்ச அளவுகள் இவை: எம்12 × 1.5 மரைக்கு 6.5 சுற்று, எம்12 × 1.25 மரைக்கு 8 சுற்று, எம்14 × 1.5 மரைக்கு 7.5 சுற்று. சுசுகி கார்களில் இருப்பது 1.25 மரை, ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் கார்களில் 1.5. ஸ்பேசரையும் புது ரிம்மையும் மாட்டி, நட்டைக் கையால் உட்காரும் வரை முறுக்கி, பிறகு எண்ணிக்கொண்டே கழற்றுங்கள். எண்ணிக்கை குறைந்தால் நீளமான ஸ்டட் அடிக்க வேண்டும். அல்லது அந்த ஸ்பேசர் அந்தக் காருக்கு இல்லை. ஸ்டீல் ரிம்மோடு எண்ணிப் பார்த்த கணக்கு அலாய்க்குச் செல்லாது. ஸ்டீல் ரிம்மின் மையத் தகடு மெல்லியது. அலாயின் மையம் தடிமனானது.

நட்டின் வடிவமும் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். வெளிச்சந்தை அலாய்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு நட்டைக் கேட்பவை. ஹோண்டாவின் கம்பெனி ரிம்முக்கு உருண்டை முகம் உள்ள நட்டு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் மெல்லிய ஒரு வட்டத்தில் மட்டுமே உலோகம் தொடும். ஓட ஓட நட்டு தளரும்.

ஹப்பின் உதடு

ஹப்பில் துருத்தி நிற்கும் வளையத்தின் உயரம் பல கார்களில் 10 மி.மீ. அளவில்தான் இருக்கும். 3 அல்லது 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ரிம் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் உதடு மிஞ்சும். 8, 10 மி.மீ. போட்டால் உதடு ஸ்பேசருக்குள்ளேயே மறைந்து, ரிம் மையத்தை இழந்து நட்டுகளின் கூம்பை மட்டும் நம்பி நிற்கும். எண்பது தொண்ணூறு வேகத்தில் ஸ்டீயரிங்கில் வரும் நடுக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் தீராது. தடிமனான ஸ்பேசர் வாங்கினால், ஹப்பில் இறுக்கமாகப் பொருந்துவதாகவும், வெளிப்பக்கம் தனக்கென்று ஓர் உதடு உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

20 மி.மீ. அளவுக்கு மேல் வருபவை வேறு இனம். அவற்றைக் காரின் ஸ்டட்டில் தனி நட்டு போட்டு இறுக்கி, ஸ்பேசரிலேயே உள்ள ஸ்டட்டில் ரிம்மை மாட்ட வேண்டும். பிசிடியை மாற்றித் தரும் அடாப்டர்களும் இந்த இனம்தான்.

சரியான கணக்கில் இவை எவ்வளவு அழகாகப் பொருந்தும் என்பதற்கு ஐரோப்பாவில் நெடுங்காலமாக உள்ள ஒரு பழக்கம் சாட்சி. அங்கே ஃபோக்ஸ்வாகன் கார்களுக்குப் போர்ஷே ரிம் மாட்டுகிறவர்கள் ஏராளம். 1997-இல் வந்த நான்காம் தலைமுறை கோல்ஃபின் பிசிடி 5 × 100; அதன் 16 அங்குல ரிம் 6.5ஜே, ஈடி 42. போர்ஷே ரிம்மின் பிசிடி 5 × 130. முன்சக்கரத்துக்கான 17 அங்குல ரிம் 7ஜே, ஈடி 55. நேரடியாக மாட்ட வழியில்லை, அடாப்டர் கட்டாயம். 20 மி.மீ. அடாப்டர் வைத்தால் ஈடி 35 ஆகிறது. உள்விளிம்பு, பழைய ரிம்மில் 124.55, புதியதில் 123.9. ஏறத்தாழ அதே இடம். வெளிவிளிம்பு மட்டும் 13.35 மி.மீ. வெளியே வருகிறது. போர்ஷேயின் ஈடி பெரியது என்பதால் அடாப்டரின் தடிமனை அது விழுங்கிக்கொள்கிறது. இதே 20 மி.மீ. அடாப்டரை ஈடி 35 உள்ள ரிம்மோடு சேர்த்தால் ஈடி 15 ஆகி, டயர் ஃபெண்டருக்கு வெளியே நிற்கும். அடாப்டர் ஒன்றுதான், கணக்கு வேறு.

கம்பெனி வைத்த ஈடிக்குக் காரணம் உண்டு

முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சைத் தரை வரை நீட்டினால் ஒரு புள்ளியில் முட்டும். அந்தப் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் பகுதியின் மையத்துக்கும் உள்ள தூரம் ஸ்கிரப் ரேடியஸ் எனப்படும். 1972-இல் வந்த ஆடி 80 காரில் இதை எதிர்மறையாக வைத்தார்கள். அதாவது அச்சு தரையைத் தொடும் புள்ளி டயரின் மையத்துக்கு வெளிப்பக்கம் இருக்கும்படி. ஒரு முன்சக்கரத்தில் பிரேக் குறைவாகப் பிடித்தாலும், ஒரு பக்கம் மணலில் ஏறினாலும், கார் இழுக்கும் திசைக்கு எதிராகச் சக்கரங்கள் தாமே லேசாகத் திரும்பிக் காரை நேராக வைக்கும். மூலைவிட்டமாகப் பிரித்த பிரேக் குழாய் அமைப்பு உள்ள கார்களுக்கு இது உயிர்காப்பு. முன்சக்கர இயக்கக் கார்கள் பலவும் இந்த வழியைப் பின்பற்றின.

இந்தத் தூரம் சில மில்லிமீட்டர்களில் அமைவது. 15, 20 மி.மீ. ஸ்பேசர் போட்டால் எதிர்மறை நேர்மறையாகிவிடலாம். அப்போது அவசரத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். தினசரி ஓட்டத்தில் தெரியாத இந்தக் குறை, மழைநாளின் ஒரு திடீர் பிரேக்கில் தெரியவரும்.

பேரிங்கின் கதையும் இப்படித்தான். ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ இருக்கிறது என்றால், ஸ்பேசர் சக்கரத்தின் மையக்கோட்டை 20 மி.மீ. வெளியே தள்ளும்போது பேரிங்கை நெம்பும் திருப்புத்திறன் ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. கார் நிற்கும்போதும் அது ஓயாது. பள்ளத்தில் இறங்கும்போது பல மடங்காகும். மையக்கோட்டைப் பழைய இடத்துக்குத் திருப்பும் ஸ்பேசருக்கு இந்தத் தண்டனை இல்லை. நம் உதாரணத்தில் 7 மி.மீ. என்ற விடைக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. மாற்றும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

ஜெர்மனியில் ஸ்பேசர் சோதனைச் சான்றுடன் விற்கப்படுகிறது. மாட்டிய பிறகு பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் காரைப் பார்த்துச் சான்று தர வேண்டும். சக்கர மையத்திலிருந்து முன்பக்கம் 30 டிகிரியும் பின்பக்கம் 50 டிகிரியும் வரை டயரை ஃபெண்டர் மூடியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். போர்ஷே நிறுவனமே தன் சில மாடல்களுக்கு ஸ்பேசர் தருகிறது. ஸ்பேசர் என்ற பொருள் கெட்டதல்ல என்பதற்கு இவை சான்று. அளவும் தரமும் பரிசோதனையும் சேர்ந்தால் அது நம்பத்தக்க பாகம்.

மாட்டும்போது

ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அங்கே ஒரு மண் துகள் இருந்தாலும் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும். பெயிண்ட் அடிக்கக் கூடாது. இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்று வைக்கக் கூடாது. ஸ்டட்டுக்கு ஒரு வாஷர் போட்டு இடைவெளி கொடுப்பது ஸ்பேசரே அல்ல. ரிம் முழு முகத்தில் உட்காராமல் நான்கு புள்ளிகளில் தொங்கும். வார்த்த மலிவு வட்டுகளைத் தவிர்த்து, திடமான அலுமினியக் கலவையில் கடைந்தெடுத்ததை வாங்குங்கள். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒரே தடிமன் இருக்க வேண்டும்.

நட்டுகளை நட்சத்திர வரிசையில், கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். எம்14 போல்ட் உள்ள ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கு அது 120 நியூட்டன் மீட்டர். பஞ்சர் கடையின் ஏர் கன்னுக்கு இந்த வேலையை விடக் கூடாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஸ்பேசரோடு ஓடும் காரில் ஸ்டெப்னியையும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். நீளமான போல்ட் போட்ட காரில், ஸ்பேசர் இல்லாமல் ஸ்டெப்னியை மாட்டினால் போல்ட்டின் முனை உள்ளே எதிலாவது முட்டலாம். அதற்காகப் பழைய போல்ட்டுகளும் டிக்கியில் இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் காரின் அகலம், பிசிடி, சென்டர் போர், ஈடி ஆகிய நான்கையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பிடித்த ரிம்மைத் திருப்பி அதன் நான்கையும் பக்கத்தில் எழுதுங்கள். கடை வாசலிலேயே கழித்துப் பாருங்கள். விடை சில மில்லிமீட்டரில் வந்து, ஸ்டட்டில் போதிய சுற்றும் ஹப்பில் போதிய உதடும் மிஞ்சினால், தரமான ஸ்பேசர் ஒன்றைத் தயக்கமின்றி வாங்கலாம். விடை பதினைந்து, இருபது என்று வந்தால், ரிம்மை மறுபடி சுவரில் மாட்டச் சொல்லிவிட்டு, உங்கள் காருக்கு ஏற்ற ஈடி உள்ள இன்னொன்றைக் கேளுங்கள். ஸ்பேசரே தேவைப்படாத ரிம்தான் எல்லாவற்றிலும் நல்ல ரிம்.